கரும்பில் ஒரு எழுத்தை எடுத்தால்... (தமிழ்ச் சொல் விளையாட்டுகளின் கதை)

கணக்குப் பதிவியல், பணவீக்கம் என்று எழுதிக்கொண்டிருந்த பி.காம். மாணவன் இந்த முறை வரலாற்றுப் பக்கம் எட்டிப் பார்க்கிறேன். விஷயம் கனமானது ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளைகள் விளையாடும் சொல் விளையாட்டு. விடுகதை, நாக்கைச் சுழற்றும் வாக்கியங்கள், கடைசி எழுத்தில் அடுத்த பெயர் சொல்வது, எழுத்தை எடுத்தும் சேர்த்தும் புதுச் சொல் கண்டுபிடிப்பது, இவைதான். இதெல்லாம் பொழுதுபோக்கு, இதில் என்ன வரலாறு என்று நினைப்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு சின்னப் புதிர். கரும்பு என்ற சொல்லில் ஒரு எழுத்தை எடுத்தால் ஒரு தானியம் வரும். எது?

கம்பு. நடுவில் இருக்கும் 'ரு' போய்விட்டால் கம்பு. அதே போல அரும்பில் 'ரு'வை எடுத்தால் அம்பு. துரும்பில் எடுத்தால் தும்பு. இரும்பில் எடுத்தால் ஒன்றும் உருப்படியாக வராது :-) இதைக் கண்டுபிடிக்க ஒரு குழந்தை மனதுக்குள் என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்கிறது, ஒன்றை நீக்குகிறது, மீதியைச் சேர்த்து உச்சரிக்கிறது, வந்தது அர்த்தமுள்ள சொல்தானா என்று தன் மனதில் உள்ள சொற்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. வாசிக்கத் தெரிவதற்கு என்னென்ன வேண்டுமோ அதில் பாதி இங்கேயே நடந்துவிடுகிறது. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

தொல்காப்பியத்தில் விடுகதை

விடுகதைக்குத் தமிழில் பழைய பெயர் 'பிசி'. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய இலக்கண நூலான தொல்காப்பியம், செய்யுளியலில் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழு வகைகளைச் சொல்கிறது. முதுசொல் என்றால் பழமொழி. அதாவது பெரிய புலவர்களின் பாட்டையும் ஊர்ப் பிள்ளைகளின் விடுகதையையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணியிருக்கிறார்கள். பிசி இரண்டு விதம் என்றும் அந்த நூல் பிரித்துக் காட்டுகிறது. ஒன்று, வேறொரு பொருளை உவமையாக வைத்துக் கேட்பது. இன்னொன்று, அடையாளங்களைச் சொல்லி இது எது என்று துணிய வைப்பது. இன்றைக்கு நாம் போடும் விடுகதைகளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

பிசி என்ற பெயர் வழக்கில் இருந்து போய்விட்டது, ஆனால் சரக்கு போகவில்லை. தெற்கத்திப் பக்கம் இதை அழிப்பாங்கதை என்பார்கள். இலங்கையில் நொடி என்று சொல்கிறார்கள். எங்கள் பக்கம் விடுகதை.

விடுகதை மொழிக்கு என்ன செய்கிறது என்று பார்க்க நானே ஒன்று கட்டிப் பார்த்தேன். "வெளியே முள்வேலி, உள்ளே நூறு அறை, அறைக்கு ஒரு பிள்ளை, பிள்ளைக்கு மஞ்சள் சட்டை." கொல்லிமலைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பலாப்பழம். இதை விடுவிக்கிற குழந்தை வேலி என்றால் தோல், அறை என்றால் சுளை இருக்கும் இடம், பிள்ளை என்றால் கொட்டை, சட்டை என்றால் சுளை என்று ஒவ்வொரு சொல்லையும் அதன் நேரடிப் பொருளில் இருந்து கழற்றி வேறொன்றில் மாட்டுகிறது. பள்ளிக்கூடத்தில் உருவகம் என்று ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் நடத்துவதை ஐந்து வயதுப் பிள்ளை பெயர் தெரியாமலே செய்துவிடுகிறது.

புலவர்கள் விளையாடிய விளையாட்டு

பெரியவர்களும் சும்மா இருக்கவில்லை. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் 'விகடகவி' என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். இதையே முழுப் பாட்டாகச் செய்வதற்கு மாலைமாற்று என்று பெயர். 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தர் சீர்காழி மேல் ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகப் பாடியிருக்கிறார். மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. இப்படிப்பட்ட சொல் வித்தைகளுக்குச் சித்திரகவி என்று பெயர் வைத்து, தண்டியலங்காரம் அதற்கு இலக்கணமும் சொல்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விகடகவியை நாம் வி-க-ட-க-வி என்றுதான் திருப்பிப் படிக்கிறோம். வ், இ, க், அ என்று ஒலி ஒலியாக உடைத்துத் திருப்பினால் அது சரியாக வராது. ஆங்கிலத்தில் இதே விளையாட்டுக்கு ஒரு ஒலிக்கு ஒரு எழுத்து என்ற அளவில் கணக்கு. தமிழில் உயிர்மெய்தான் அலகு. இந்த வித்தியாசம் பிறகு தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தாதியும் இந்தக் குடும்பம்தான். ஒரு பாட்டு முடிகிற சொல்லிலோ எழுத்திலோ அடுத்த பாட்டு தொடங்க வேண்டும். காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதியில் இருந்து 18-ஆம் நூற்றாண்டின் அபிராமி அந்தாதி வரை பெரிய வரிசையே இருக்கிறது. ஓலைச்சுவடி கையில் இல்லாமல் நூறு பாட்டை நினைவில் வைப்பவருக்கு, ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் துப்பு. பஸ்ஸில் டூர் போகும்போது நாம் கடைசி எழுத்தில் அடுத்த பாட்டு பாடுகிறோமே, அதே சங்கிலிதான். இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீத் நடத்திப் புகழ்பெற்று, பிறகு தமிழகத் தொலைக்காட்சிக்கும் வந்த 'பாட்டுக்குப் பாட்டு' வீடு வீடாகப் பிடித்துப் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நமக்கு அது பழகிய ஆட்டம்.

திண்ணையில் ஒரு பூ, ஒரு பறவை

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ தன் மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826-ல் தொகுத்துப் பார்த்தபோது பள்ளிகளும் உயர்கல்வி இடங்களும் சேர்த்து 12,498 இருந்தன. படித்தவர்கள் ஏறத்தாழ 1,88,000 பேர். மக்கள்தொகை சுமார் 1 கோடியே 28 லட்சம். பெண் பிள்ளைகள் மிகவும் குறைவு, எல்லாச் சாதியினருக்கும் ஒரே மாதிரி இடமும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தமிழ் ஊர்களின் திண்ணைப் பள்ளிகளில் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது தெரிந்துகொள்ள வேண்டியது.

1855-ல் பிறந்த உ.வே. சாமிநாதையர் பழைய காலத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதியபோது ஒரு வழக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறார். சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்குப் புறப்படும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஒரு மிருகத்தின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் வந்து மறக்காமல் சொல்ல வேண்டும். ஞாபக சக்திக்காக வைத்த பயிற்சி. ஆனால் யோசித்துப் பாருங்கள், தினம் ஒரு சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே போகும். நண்பனிடம் அவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கும். ஒரு வருஷத்தில் எத்தனை பெயர்கள்! இன்றைக்கு சொல்வளம் பெருக்குதல் என்று பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள்.

அங்கே வேறு சாமான்களும் இருந்தன. ஒளவையாரின் ஆத்திசூடி எழுத்து வரிசையிலேயே அமைந்தது, அதனால் நீதியோடு நெடுங்கணக்கும் மண்டையில் ஏறும். நிகண்டுகளைச் செய்யுளாகவே மனப்பாடம் செய்தார்கள். எங்கள் துறைக்கு நெருக்கமான எண்சுவடியையும் ராகம் போட்டு ஒப்பித்தார்கள். மணலில் விரலால் எழுதிப் பழகுவதும், மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இங்கே நடந்தன. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இவற்றைப் பார்த்துப் பின்பற்றி, 1797-ல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. ஏற்றுமதி நடந்திருக்கிறது!

இன்னொருவரையும் விட்டுவிடக் கூடாது. வீரமாமுனிவர் 1732-ல் செய்த சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள். நான்காவதான தொடையகராதி எதுகைக்காகவே தொகுத்தது. இத்தாலியில் இருந்து வந்து தமிழ் கற்றவருக்கு, இந்த மொழிக்குள் நுழைய ஒத்த ஓசைச் சொற்களின் பட்டியலும் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

பிறகு அச்சடித்த பாடநூல் வந்தது. அதனால் பெரிய நன்மை உண்டு. ஓலை இல்லாதவன் பிள்ளைக்கும் புத்தகம் கிடைத்தது. ஆனால் பாடம் புத்தகத்துக்குள் போனதும், வாயால் விளையாடியதெல்லாம் பள்ளி வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது. விடுகதை வீட்டுத் திண்ணைக்கும் களத்துமேட்டுக்கும் உரியதானது. அதைப் பள்ளிப் பிள்ளைகளின் பக்கம் மறுபடி இழுத்துவந்தவர்களில் முக்கியமானவர் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922-1989). 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தவர். அவர் வேலை பார்த்தது இந்தியன் வங்கியில் என்று தெரிந்தபோது காமர்ஸ் மாணவனாக எனக்கு ஒரு சின்னப் பெருமை.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

இதுவரை சொன்னது வரலாறு. இந்த விளையாட்டுகள் உண்மையிலேயே உதவுகின்றனவா என்பது தனிக் கேள்வி.

இங்கிலாந்தில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரயன்ட் என்ற இருவர் 1983-ல் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இன்னும் வாசிக்கத் தெரியாத நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் 400 பேரிடம் சில சொற்களைச் சொல்லி, ஓசையில் சேராத சொல் எது என்று கேட்டார்கள். தமிழில் சொன்னால் "பட்டு, தட்டு, கட்டு, பந்து, இதில் எது சேரவில்லை?" என்பது மாதிரி. இதில் நன்றாகச் செய்த குழந்தைகள் சில வருடங்கள் கழித்து வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முன்னால் இருந்தார்கள். தற்செயலாக இருக்கலாம் அல்லவா? அதையும் சோதித்தார்கள். 65 குழந்தைகளைக் குழுக்களாகப் பிரித்து, சிலருக்கு இரண்டு வருடத்தில் 40 முறை ஓசை விளையாட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் முன்னேறினார்கள். ஓசை விளையாட்டோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் கொடுத்துப் பழக்கிய குழு இன்னும் நன்றாகவே முன்னேறியது.

பாருங்கள், அவர்கள் சோதித்தது முதல் ஒலி ஒத்து வருவதையும் பின் ஒலி ஒத்து வருவதையும்தான். நம் ஊரில் இதற்கு மோனை, எதுகை என்று பெயர். நம் தாலாட்டு, பழமொழி, விடுகதை எதை எடுத்தாலும் இந்த இரண்டும் இல்லாமல் இருக்காது.

ஆனால் இங்கிலாந்து ஆய்வை அப்படியே தமிழுக்கு ஒட்டிவிட முடியாது. இங்கேதான் விகடகவி திரும்ப வருகிறது. ஆங்கிலத்தில் 26 எழுத்து. தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஒரு ஆய்தம், மொத்தம் 247. கன்னடம் படிக்கும் குழந்தைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007-ல் வெளியிட்ட கட்டுரை, இந்த வகை எழுத்துகளைக் கற்றுமுடிக்க நான்காம் வகுப்பு வரை கூட ஆகிறது என்று காட்டியது. அசையைப் பிரித்து உணர்வது குழந்தைகளுக்கு முன்னதாகவே வந்துவிடுகிறது, அதற்குள் இருக்கும் தனித்தனி ஒலியை உணர்வது மெதுவாகத்தான் வருகிறது. தமிழ் எழுத்தும் இதே அமைப்புதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்னும் கூட்டிப் படிக்க வரவில்லை என்றால் உடனே 'மக்கு' என்று முடிவு கட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. கற்க வேண்டிய சரக்கு அதிகம், நாளும் அதிகம் வேண்டும். அந்த நாட்களை அலுப்பில்லாமல் ஓட்ட விளையாட்டு வேண்டும்.

நம்மிடம் அதற்கும் ஆட்டம் இருக்கிறது. சின்ன வயதில் ஒவ்வொரு எழுத்துக்கு முன்னும் 'க' போட்டு ரகசிய பாஷை பேசியிருப்பீர்களே? 'கவா கடா' என்றால் வாடா. வேகமாகப் பேச, சொல்லை எழுத்தெழுத்தாக வெட்டத் தெரிய வேண்டும். வால், வாள், வாழ், பனி, பணி, கரி, கறி என்று ஜோடி ஜோடியாக வைத்து நாக்கைச் சுழற்றும் வாக்கியங்களோ ஒலிகளைக் காதால் பிரித்துப் பார்க்க வைக்கின்றன. காதால் பிரித்தவன் எழுதும்போது பிழை விடுவது குறையும்.

கடையில் விற்கும் விளையாட்டுகளிலும் இதே கணக்கு உண்டு. 1913 டிசம்பர் 21-ல் நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட புதிரில் இருந்துதான் இன்றைய குறுக்கெழுத்து பிறந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர், நாளிதழ் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி எண்ணி உருவாக்கியதுதான் ஸ்கிராபிள். அடிக்கடி வரும் எழுத்துக்கு மதிப்பு குறைவு, அரிதாக வருவதற்கு அதிகம். தேவையும் அளிப்பும் என்று எங்கள் வகுப்பில் நடத்துகிற அதே பாடம். ஆனால் 100 வில்லைகள் கொண்ட அந்தப் பெட்டிக்குள் 247 எழுத்தை அடைக்க முடியாது. அதனால் நம் பிள்ளைகளுக்கு நம் வாயில் இருக்கும் விளையாட்டே பொருத்தம்.

எங்கள் மலையில்

நான் ஆலத்தூர் நாட்டுக்காரன். கொல்லிமலையில் ஊராட்சிகளையே 'நாடு' என்று சொல்வோம். வல்வில் ஓரி காலத்தில் இருந்து சங்கப் பாட்டில் இடம்பெற்ற மலைதான். ஆனால் இங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் கதை வாய்வழியாகவே வந்தது. (கேரளத்து மலையாளம் இல்லை, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் மலையாளி. பேசுவது தமிழ்.) முன்னோர்கள் காஞ்சிபுரத்தில் இருந்து வந்தார்கள் என்ற கதை ஏட்டில் ஏறும் முன்பே வாயில் இருந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுதிகளில் அதை எழுதிவைத்திருக்கிறார்.

எங்கள் ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் ராத்திரி சோறு ஆனபிறகு விடுகதை போட ஆரம்பித்தால் காலேஜ் படிக்கிற நான் பாதிக்கு மேல் தோற்றுப்போவேன். "இது கூடத் தெரியாம என்னடா படிப்பு படிக்கிற?" என்று கேட்கும். தோற்றதற்கு ஒரு காரணத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். விடை எனக்குத் தெரியாத பொருளாக இருக்கும்.

கொல்லிமலையில் சாமையிலேயே பல ரகம் உண்டு. வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை என்று பெயர்கள். மரவள்ளி வந்து காட்டைப் பிடித்தபிறகு சாமை நிலம் சுருங்கிப்போனது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்து இங்கே இந்தச் சிறுதானிய ரகங்களைக் காப்பாற்ற வேலை செய்திருக்கிறது. விதையைக் காப்பாற்ற ஆள் வந்தார்கள். அந்த விதையின் பெயரும், அதை வைத்துப் போட்ட விடுகதையும்? சாமையைக் கண்ணால் பார்க்காத பிள்ளைக்கு சாமை விடுகதையை விடுவிக்க முடியாது. விடுவிக்க முடியாததை யாரும் இரண்டாவது தடவை போடுவதில்லை. இப்படித்தான் சொல் செத்துப்போகிறது, சத்தமே இல்லாமல்.

மலைப் பிள்ளைகளில் நிறைய பேர் சின்ன வயதிலேயே உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போகிறார்கள். சாப்பாடும் படிப்பும் கிடைக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஆயாவோடு உட்காரும் ராத்திரிகள் போய்விடுகின்றன. வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இப்போது கையில் போன் இருக்கிறது. அதோடு, மலைப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பவர்கள் நடுவில் பிள்ளை வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறது. பேசக் கூச்சப்படும் பிள்ளைக்கு வாசிப்பு எப்படி வரும்?

பள்ளிகளில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அநியாயம். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல், 2021-ல் வந்த இல்லம் தேடிக் கல்வி, 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் தொடங்கிய எண்ணும் எழுத்தும், எல்லாமே பாட்டையும் விளையாட்டையும் வகுப்புக்குள் கொண்டுவந்தவை. திண்ணையில் இருந்து வெளியே போனது சுற்றி வளைத்துத் திரும்ப உள்ளே வந்திருக்கிறது. ஆனால் மாநிலம் முழுக்க ஒரே அட்டை, ஒரே பாட்டு. அதில் கட்டவெட்டிச்சாமைக்கு இடம் இருக்காது, இருக்கவும் முடியாது. அது அந்தந்த ஊர்க்காரர்கள் சேர்க்க வேண்டிய சரக்கு.

செலவுக் கணக்கு போட்டுப் பார்த்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று. வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் விடுகதையை எழுதி, பக்கத்தில் விடையையும், அந்தப் பொருள் எது, எங்கே விளைகிறது என்பதையும் குறித்தால் போதும். பிறகு ஊர்ப் பள்ளியில் இருக்கும் டீச்சரிடம் அந்த நோட்டைக் கொடுத்துவிடலாம். பிராட்லியும் பிரயன்டும் காட்டியது போல ஓசையோடு எழுத்தும் சேர்ந்தால் பலன் கூடும். பிள்ளைகளையே எழுதவைத்தால் இன்னும் நல்லது.

நான் லீவில் ஆரம்பித்த நோட்டில் இதுவரை 31 விடுகதை ஏறியிருக்கிறது. அதில் நாலுக்கு ஆயா விடை சொல்ல மாட்டேன் என்கிறது. "நீயே கண்டுபிடி" என்று விட்டுவிட்டது. உங்கள் ஊரில் இதை என்ன பெயரில் சொல்வார்கள், உங்கள் வீட்டில் யார் போடுவார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள். அடுத்த முறை வழக்கம்போல கணக்குப் பாடம்தான், பயப்படாதீர்கள்!